வானம் குடித்தது எவ்வளவு?

அத்தியாயம் 6

“என்ன சார் திருடு போச்சு?” என்று மருமகள் கேட்டதற்கு வானிலை நிலைய டைரக்டர் ஜன்னல் வழியாக வானத்தைக் காட்டினார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். வானம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

“இருக்கே சார்.”

“மாமா…” என்று இழுத்தாள் மருமகள். அந்த இழுப்புக்கு ‘வாயை மூடுங்கள்’ என்று அர்த்தம். கண்டக்டர் மூடிக்கொண்டார்.

இருவருக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. துப்பறிவது மருமகள், கூடவே போவது மாமனார். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதிவிட்டு ஓய்வு பெற்ற மனிதர், வீட்டில் உட்கார்ந்து குழம்பில் குறை சொல்ல ஆரம்பித்ததும் அவருடைய மனைவி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். “இந்த மனுஷனை உன் வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்.” அன்றிலிருந்து காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஐந்து வரை அவள் பாஸ். ஐந்து மணிக்குமேல் அவர் மாமா. ஒன்பது மணிக்கே மாமா என்று கூப்பிட்டு ஒப்பந்தத்தை உடைப்பது அவள்தான்.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். சட்டைப் பையில் மூடி கழற்றாத புது சிவப்புப் பேனா. கழுத்தில் டை. அது எடைக்கல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நேராக நின்றது.

“முப்பத்தோரு வருஷமா இங்க ஒரு வேலை நடக்குது மேடம். வானம் தினமும் எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு அளக்கறோம்.”

“யார் சார் ஊத்திக் குடுக்கறது?” என்றார் கண்டக்டர்.

“தொட்டியம்மா,” என்றார் டைரக்டர், அது கேலிக் கேள்வி என்பதே தெரியாமல்.

விஷயம் இதுதான். நிலையத்தின் பின்பக்கம் வட்டமாக ஒரு இரும்புத் தொட்டி. முழங்கால் உயரம்கூட இல்லை. உள்ளே ஒரு பித்தளை முள். தினமும் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் தண்ணீர் முள்ளின் நுனிக்குக் கீழே இறங்கியிருக்கும். முள் நுனியைத் தொடும்வரை அளவுக் குவளையால் ஊற்ற வேண்டும். ஊற்றியது எத்தனை மில்லிமீட்டரோ, அவ்வளவு வானம் குடித்திருக்கிறது. மழை பெய்தால் கழித்துக்கொள்ளலாம். காக்காய் குடிக்காமலிருக்க மேலே வலை.

அதே கணக்கை மொட்டைமாடியில் இன்னொரு கருவியும் போடுகிறது. தலைகீழாகத் தொங்கும் ஒரு கண்ணாடிக் குழாய். அதன் வாயில் வட்டமாக வெட்டிய மை ஒற்றும் தாள். தாள் காயக் காயக் குழாயில் தண்ணீர் இறங்கும். வந்த எண்ணை அலுவலகம் கொடுத்த வாய்பாட்டால் பெருக்கினால் தொட்டியின் எண் வர வேண்டும்.

“வரணும்,” என்று மேஜையில் ஒரு வரைபடத்தை விரித்தார் டைரக்டர். “வந்துச்சு. முதல் சில வருஷம். அப்புறம் பாருங்க.”

இரண்டு கோடுகள் கைகோத்தபடி கிளம்பி, கொஞ்ச தூரத்தில் மனஸ்தாபம் ஏற்பட்டு, ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பிரிந்து போயிருந்தன.

“மாடிக் குழாய், வானத்துக்குத் தாகம் கூடிக்கிட்டே போகுதுங்குது. தொட்டி, குறைஞ்சுக்கிட்டே போகுதுங்குது. வருஷா வருஷம் வெயில் மண்டையைப் பிளக்குது. தாகம் எப்படி மேடம் குறையும்? யாரோ கள்ளத்தனமாத் தொட்டியில தண்ணி ஊத்தறாங்க!”

“எடுத்துட்டுப் போனாத்தானே சார் திருட்டு? குடுத்துட்டுப் போனா எந்த செக்‌ஷன்?”

“மாமா…”

“வேலியோட சாவி தொட்டியம்மாகிட்ட மட்டும்தான். அந்தம்மாவுக்கு முழங்கால் வலி. முந்தின நாள் சாயந்திரமே கொஞ்சம் ஊத்தி வச்சுட்டா, காலையில தூக்கற தண்ணி குறையும். குற்றம் தெளிவு. நீங்க உறுதிப்படுத்தினாப் போதும். நாலு மணிக்கு மேலிடத்துக் கமிட்டி வருது. அவங்க முன்னாடி அந்தம்மா எழுதின முப்பத்தோரு ரிஜிஸ்டர்லயும் குறுக்குக் கோடு போட்டு ‘நம்பத்தகாதது’ன்னு எழுதப் போறேன். வெள்ளிக்கிழமை அவங்க ரிட்டயர்மென்ட். அதுக்குள்ள முடிக்கணும்.” சிவப்புப் பேனாவைத் தடவிக் கொடுத்தார். “நாலரைக்கு நான் மரக்கன்று நடணும். இங்க வர்ற ஒவ்வொரு டைரக்டரும் ஒரு மரம் நடறது வழக்கம்.”

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பதினோரு புகைப்படங்கள் வரிசையாகத் தொங்கின. பதினோரு டைரக்டர்கள், பதினோரு கன்றுகள், ஒரே மண்வெட்டி. பக்கத்தில் பன்னிரண்டாவதாக ஒரு ஆணி மட்டும் அடித்துத் தயாராக இருந்தது.

*

தொட்டியம்மா வேலிக்குள் நின்று வலையிலிருந்து ஒரு காய்ந்த இலையை எடுத்துக்கொண்டிருந்தாள். வெடுக்கென்ற பேச்சு. நிமிர்ந்த முதுகு.

“ஒரு சொட்டு கூடவும் போட்டதில்லை, குறைச்சும் போட்டதில்லை. பிரசவத்துக்கு ஆட்டோ வாசல்ல நின்னப்பக்கூட ரீடிங் எடுத்துட்டுத்தான் ஏறினேன்.”

“எவ்வளவும்மா இருந்துச்சு?” என்றார் கண்டக்டர்.

“குழந்தையா? ரீடிங்கா?”

“ரீடிங்.”

“நாலு புள்ளி ஒண்ணு.”

ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் கணக்கு எழுதி வளர்ந்தவர் கண்டக்டர். கணக்கில் கை வைக்கிற ஆளை நூறு பேர் கூட்டத்திலும் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். இது அந்த முகம் இல்லை.

“உங்க மேல யாரும்மா வத்தி வச்சது?” என்று கேட்டாள் மருமகள்.

“வேற யாரு, மாடியில ஒரு ஆள் இருக்காரே, குழாய்க்காரர். அவரோட கணக்கை வச்சுத்தானே என்னைப் பொய்க்காரிங்கறாங்க.”

“உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது பகையா?”

“என் வீட்டுக்காரர்.”

கண்டக்டர் ‘அட’ என்றார்.

நிலையம் திறந்த வாரமே இருவரும் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் நாள் அவள் கணக்கு ஐந்து புள்ளி நாலு. அவர் கணக்கும் ஐந்து புள்ளி நாலு. இரண்டாம் நாளும் ஒத்துப்போனது. ஒரு மாதம் முழுக்க ஒத்துப்போனபிறகு, இனி என்ன யோசனை என்று கல்யாணம் செய்துகொண்டார்கள்.

“ஜாதகமாப் பாத்தோம்? ரிஜிஸ்டரைப் பாத்தோம்,” என்றாள் தொட்டியம்மா. “இப்ப அவர் ஏழுங்கறார், நான் மூணரைங்கறேன். ஒரே வீட்ல எப்படிங்க இருக்கறது? மூணு வருஷமாப் பேச்சே கிடையாது.”

“வீட்டு விஷயமெல்லாம்?”

“ஒரு பழைய ரிஜிஸ்டர் அலமாரி மேல கிடக்குது. குறிப்புங்கற கட்டத்துல எழுதி வச்சுடுவார். ‘குறிப்பு: உப்பு தீர்ந்தது.’ நான் கீழ தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்.” கையிலிருந்த காய்ந்த இலையைக் கசக்கினாள். “ரிஜிஸ்டர்ல கோடு போட்டாங்கன்னா அவர் சொன்னதுதான் சரின்னு ஆயிடும். அப்புறம் நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போறது?”

*

“நீங்க மேல போய்ப் பேசுங்க மாமா. நான் வேலியைப் பாக்கறேன்.”

கண்டக்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிகரெட்டை விட்டுவிட்டதாக வீட்டில் சத்தியம் செய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. உண்மையில் விட்டது வீட்டில் மட்டும்தான்.

மாடியில் குழாய்க்காரர் ஒல்லியாக, ரிஜிஸ்டரின் மேல் ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் புகார் குடுக்கலைங்க,” என்றார் கேட்பதற்கு முன்பே. “பாத்ததை எழுதினேன். அவ பொய் சொல்ற பொம்பளை இல்லை. என் குழாயும் பொய் சொல்லாது. இது ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நான் தூங்கி மூணு வருஷமாச்சு.”

“அப்ப யாருங்க பொய்?”

“அது தெரிஞ்சா வீட்ல வாயைத் தொறந்து உப்பு கேட்டிருப்பேனே.”

கண்டக்டர் சிகரெட்டை உதட்டில் வைத்து ஒரு தீக்குச்சியைக் கிழித்தார். அணைந்தது. இன்னொன்று. கையைக் குவித்து, திரும்பி நின்று, சட்டைக்குள் தலையை நுழைத்து, எட்டுக் குச்சி கிழித்தும் ஒன்றும் நடக்கவில்லை. வேட்டி மட்டும் கொடி மாதிரி பறந்தது. வெறுத்துப்போய்க் கீழே இறங்கி, தொட்டியின் வேலியோரம் இருந்த பெரிய மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். ஒரே குச்சி. சுடர், சுவரில் வரைந்து வைத்த மாதிரி ஆடாமல் அசையாமல் நின்றது. விரலைச் சுடும்வரை அதையே ரசித்துவிட்டு, முதல் இழுப்பை இழுத்தார்.

சொர்க்கம் இரண்டரை நிமிஷம் நீடித்தது.

“உங்களைத் தேடி மாடிக்குப் போனேன். எட்டுக் குச்சி கிடக்குது,” என்று மரத்தின் மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது. “தலை மட்டும் கறுத்து, உடம்பு முழுசா இருக்கு. இங்க ஒரே குச்சி. கடைசிவரைக்கும் எரிஞ்சு சாம்பலாக் கிடக்கு.”

கண்டக்டர் புகையை விழுங்கினார். “அது… வேற யாரோ…”

“உங்க காதுல இருந்து புகை வருது மாமா.”

“அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. உன் காலைப் புடிச்சுக்கறேன்.”

மருமகள் குச்சியைப் பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். பிறகு மரத்தை அடியிலிருந்து நுனிவரை, ஜவுளிக்கடையில் புடவை பார்க்கிற மாதிரி, நிதானமாகப் பார்த்தாள். மரத்தின் இடுப்பில் ஒரு தகரப் பலகை: ‘மூன்றாவது டைரக்டர் நட்டது.’

“கேஸ் முடிஞ்சுது,” என்றாள்.

“எந்தக் கேஸ்?”

“ரெண்டும்.”

*

பதினோரு மணிக்கு மருமகள் ஒரே ஒரு காரியம் கேட்டாள். ஸ்டோர் ரூமிலிருந்து மாடியில் இருப்பதைப் போலவே இன்னொரு குழாய். அதைத் தொட்டியின் வேலிக்குள் தொங்கவிட வேண்டும். தொங்கவிடுகிறவர் குழாய்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அதே நேரத்தில் தொட்டியம்மா தொட்டியில் முள் நுனிவரை தண்ணீர் நிரப்ப வேண்டும். வேலியைப் பூட்டி, சாவியைக் கண்டக்டரின் தோல்பையில் போட வேண்டும். மாடியிலிருக்கும் குழாயின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணவனும் மனைவியும் இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டு கண்டக்டர் மூலமாகப் பேசினார்கள்.

“கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, நிழல் விழுது,” என்றார் குழாய்க்காரர்.

“உள்ள தள்ளி நில்லும்மா, உள்ள இடம் இருக்கு பாரு,” என்றார் கண்டக்டர், பழக்க தோஷத்தில்.

“இத்தனை வருஷமா இந்தப் பக்கம் தலைகாட்டாதவருக்கு நிழலைப் பத்தி என்ன தெரியுமாம், கேளுங்க,” என்றாள் தொட்டியம்மா.

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கே கேட்டது. உண்மையில் அவர் அந்த இடத்தை விநோதமாகச் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிக்கு நேராக ஏறி நேராக இறங்கிப் போகிற மனிதர்.

மருமகளோ அதற்குள் டைரக்டர் அறைக்குப் போய்விட்டாள். நாலு மணிவரை வெளியே வரவில்லை. கண்டக்டர் சாவிக்குக் காவலாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்திருந்தார். ஒரு அணில்கூட உள்ளே போகவில்லை.

*

கமிட்டி என்பது மூன்று பேர். தலைவர் வயதானவர்; தொட்டிப் பக்கம் வந்ததும் ஒரு மரத்தைத் தட்டிக்கொடுத்து, “நல்லா வளந்திருக்கே,” என்று உருகினார். டைரக்டர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். முப்பத்தோரு ரிஜிஸ்டர்கள் ஒரு மேஜையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தொட்டியம்மா அவற்றைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

கண்டக்டர் வேலியைத் திறந்தார்.

“முதல்ல மாடி,” என்றாள் மருமகள்.

குழாய்க்காரர் குறித்துக்கொண்டு வந்திருந்த சீட்டைப் படித்தார். “அஞ்சு மணி நேரத்துல ரெண்டு புள்ளி ஒன்பது.”

“இப்ப தொட்டி.”

தொட்டியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, குவளையை அளந்து அளந்து ஊற்றினாள். “ஒண்ணு புள்ளி நாலு.”

“பாத்தீங்களா!” டைரக்டர் துள்ளினார். “பாதிகூட இல்லை!”

“இருங்க சார். தொட்டிக்குப் பக்கத்துல தொங்குதே, அந்தக் குழாய். அதையும் நீங்களே படிங்க,” என்றாள் மருமகள் குழாய்க்காரரிடம்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படித்தார். மறுபடி துடைத்தார். வாய்பாட்டால் பெருக்கினார், உதடு அசைய. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“சத்தமா,” என்றாள் மருமகள்.

“ஒண்ணு புள்ளி… நாலு.”

தொட்டியம்மா நிமிர்ந்தாள்.

“சதி!” என்றார் டைரக்டர். “கூட்டுச் சதி! புருஷனும் பொண்டாட்டியும் பேசி வச்சுக்கிட்டு…”

“உப்புக்கே எழுதிப் போட்டுக்கறவங்க சார்,” என்றார் கண்டக்டர். “பேசி வச்சுக்கிட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. அவங்களுக்கே சிரிப்பு வந்துடும்.”

“அப்ப தண்ணி ஊத்தினது யாரு? திருடன் யாரு?” என்று கேட்டார் கமிட்டித் தலைவர்.

“ஒருத்தர் இல்லை சார். பதினோரு பேர். மாமா, கொண்டாங்க.”

டைரக்டர் அறையில் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய பதினோரு புகைப்படங்களையும் கண்டக்டர் கொண்டுவந்து, பஸ்ஸுக்கு நிற்கிற வரிசை மாதிரி புல்லில் சாய்த்து வைத்தார். டைரக்டரின் கண்கள் பிதுங்கின.

“யாரும் முகத்தைப் பாக்காதீங்க. டையைப் பாருங்க,” என்றாள் மருமகள்.

பார்த்தார்கள். முதல் டைரக்டரின் டை தோளுக்குப் பின்னால் பறந்தது. தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் அடிவானம்வரை வெட்டவெளி. மூன்றாமவரின் டை பக்கவாட்டில் நின்றது. ஐந்தாமவரின் டை லேசாக விலகியிருந்தது. ஏழாமவரிலிருந்து டை அசையவே இல்லை. பதினோராமவருக்குப் பின்னால் அடிவானமும் இல்லை, வெட்டவெளியும் இல்லை. வெறும் இலை.

“தொட்டி பளபளன்னு தெரியற மாதிரி படம் எடுக்கணும்னு ஒவ்வொருத்தரும் மரத்தைத் தொட்டிக்குப் பக்கத்துலயே நட்டிருக்காங்க. அதுவும் காத்து வர்ற பக்கமாப் பாத்து. மாடியில எங்க மாமாவால எட்டுக் குச்சி கிழிச்சும் பத்த வைக்க முடியலை. இங்க ஒரே குச்சி, கடைசிவரைக்கும் எரிஞ்சுது.” கண்டக்டர் வேறு திசையில் ஒரு பறவையை ஆராய்ந்தார். “காத்து இல்லை, பாதி வெயில் இல்லை. தண்ணி எப்படி சார் குறையும்? வானத்துக்குத் தாகம் குறையலை. அதோட வாய்க்கும் தொட்டிக்கும் நடுவுல பதினோரு டைரக்டர் நிக்கறாங்க.”

கமிட்டித் தலைவர் ஒன்பதாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கண்டக்டரும் பார்த்தார். மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தவர் இதே தலைவர்தான், கொஞ்சம் அதிக முடியோடு.

“ஒன்பதாம் நம்பர் குற்றவாளி,” என்று மருமகளின் காதில் கிசுகிசுத்தார். “இவரா தீர்ப்புச் சொல்லப் போறார்?”

“அந்தக் கன்னுங்களுக்கெல்லாம்…” தொட்டியம்மாவின் குரல் மெதுவாக வந்தது. “சனிக்கிழமையானா தொட்டியைக் கழுவுவேன். அந்தத் தண்ணியை வீணாக்கக் கூடாதேன்னு நான்தான் குவளை குவளையா ஊத்தினேன். நானேவா வளத்தேன்?”

“நீங்கதான் வளத்தீங்க. ஆனா தொட்டியில நீங்க எழுதின ஒவ்வொரு எண்ணும் நிஜம். மாடியில அவர் எழுதினதும் நிஜம். அவங்கவங்க நின்ன இடத்துல நடந்ததை ரெண்டு பேரும் சொல்லியிருக்கீங்க. நடுவுல யாரும் மாடி இறங்கி வந்து பாக்கலை, யாரும் ஏறிப் போய்ப் பாக்கலை. அவ்வளவுதான்.”

கமிட்டியின் இன்னொரு உறுப்பினர் தயங்கித் தயங்கி, “மரத்தை வெட்டிடலாமா?” என்றார்.

“எந்த மரத்தை?” என்றார் தலைவர்.

“முதல் எட்டு மட்டும் சார்,” என்றார் உறுப்பினர், அவசரமாக.

தலைவர் நீண்ட மூச்சு விட்டார். பிறகு டைரக்டரின் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி மூடி போட்டு, தன் நீலப் பேனாவால் மேலே இருந்த ரிஜிஸ்டரில் எழுதினார்: ‘எண்கள் யாவும் சரி. கோடு போட வேண்டாம். தொட்டியைச் சுற்றியுள்ள இடம் மாறிவிட்டது. காரணம்: நாங்கள்.’ கையெழுத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டார்.

மணி நாலரை. டைரக்டர் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் மரக்கன்றைக் கையில் எடுத்தார். வேலிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த ஒரே இடைவெளியில் குழி வெட்டித் தயாராக இருந்தது.

கண்டக்டர் பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். டைரக்டர் கன்றோடு அப்படியே நின்றார்.

“வண்டி ஃபுல் சார். அடுத்த வண்டியில வாங்க.”

*

ரிஜிஸ்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள் தொட்டியம்மா. குழாய்க்காரர் கிட்டே வந்தார். இந்த வருஷத்து ரிஜிஸ்டரைப் பிரித்து, இன்றைய தேதிக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில் எதையோ எழுதி அவள் பக்கம் திருப்பி வைத்தார். கண்டக்டர் கழுத்தை நீட்டிப் படித்தார். ‘குறிப்பு: என்னை மன்னிக்கவும்.’

அவள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். தேதி போட்டாள். கையெழுத்துப் போடவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“இதை வாயால சொன்னா வாய் வலிக்குமா?”

குழாய்க்காரர் வாயைத் திறந்தார். மூன்று வருஷத் துரு. சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

“முழங்கால் இப்ப எப்படி இருக்கு?”

தொட்டியம்மா அடுக்கி வைத்த ரிஜிஸ்டர் கட்டை அப்படியே அவர் கையில் ஏற்றிவிட்டு முன்னால் நடந்தாள், மாடிப்படியைப் பார்த்து. “அங்க அப்படி என்னதான் காத்து அடிக்குதுன்னு பாக்கறேன். மெதுவா வாங்க, நானும் மெதுவாத்தான் ஏறுவேன்.”

கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார். கண்ணில் தூசி. காற்றே இல்லாத இடத்தில் எப்படித் தூசி வந்தது என்பதை அவர் விளக்கவில்லை.

மருமகள் உள்ளங்கையை நீட்டினாள்.

“என்னம்மா?”

“தீப்பெட்டி. சாட்சிப் பொருள்.”

அவர் கொடுத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அத்தைகிட்ட சொல்ல மாட்டதானே?” என்றார்.

மருமகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அஞ்சு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு மாமா. அதுவரைக்கும் நான் உங்க பாஸ். ஆபீஸ் ரகசியத்தை வெளிய விட மாட்டேன்.” தீப்பெட்டியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். “அஞ்சு மணிக்கு மேல நான் அத்தையோட மருமக.”